கால்நடைகளின் கழிச்சலும் பச்சிலை மருந்துகளின் பரிசோதனையும்

காவேரிப் பாசனப் பிரதேசத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை பிடித்து, சம்பா வயல்களிலும் வாய்க்கால் ஓரங்களிலும் ஜலம் தேங்கி நிற்குங் காலத்தில், கால்நடைகளுக்குக் கழிச்சல் காண்பதும், இளங்கன்றுகளும் ஆட்டுக்குட்டிகளும் அதனால் மடிவதும் விவசாயிகள் யாவரும் அறிந்த விஷயமே. ஒரு கிடாரிக் கன்று மடியுமாயின், மூன்று வருஷங்களுக்குப் பின் கறவைக்கு வரவேண்டிய ஒரு பசுவே அக்குடும்பத்துக்கு இல்லாமற் போகிறது.

கழிச்சலுக்குக் கைமருந்து அறியாத கிராமம் இப்பிரதேசத்தில் இல்லை. வில்வப்பிஞ்சு, கொய்யாக் கொழுந்து, மாதுளம்பழத் தோல், நாவற்பட்டை, வெந்தயம், கறிவேப்பிலை முதலியவை முன்னோர் காலந்தொட்டு வழங்கிவருகின்றன. இவை பலிக்குமா என்று வினவினால், தம் தொழுவத்தில் பலித்ததைக் கண்ணாற் கண்டதாக ஒருவர் கூறுவார். மூன்று நாள் கொடுத்தும் கன்று மடிந்தது என்று மற்றொருவர் கூறுவார். இருவர் கூறுவதும் உண்மையாயிருக்கலாம். அஃதெவ்வாறு என்பதை அறிவதற்குப் பரிசோதனை ஒன்றே வழியாகும். அப்பரிசோதனை எவ்விதம் செய்யப்படுகிறது, அதனால் தெரியவந்தவை யாவை, அவற்றைக் கொண்டு விவசாயி செய்யத்தக்கது யாது என்பவற்றை இங்கே காண்போம்.

கன்று எதனால் மடிகிறது?

கழிச்சல் கண்ட கன்று பெரும்பாலும் கிருமியின் தாக்குதலால் நேரே மடிவதில்லை. உடலிலுள்ள ஜலமும் உப்பும் வெளியேறி, இரத்தத்தில் புளிப்பு மிகுவதாலேயே மடிகிறது. இளங்கன்றின் உடல் எடையில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு ஜலமே. 30 கிலோ எடையுள்ள கன்று தன் எடையில் நூற்றுக்கு 8 பங்கை இழந்தால், சுமார் 2 லிட்டர் 400 மில்லி ஜலம் குறைந்துவிட்டதென்று பொருள். அந்நிலையில் கண்கள் குழிவிழும். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படியாமல் சில விநாடிகள் மடிந்தே நிற்கும். நூற்றுக்கு 10 பங்குக்கு மேல் இழந்தால் காதும் காலும் குளிர்ந்து, கன்று எழுந்து நிற்கமாட்டாது படுத்துவிடும்.

ஆகவே, சாணம் கெட்டியாவது வேறு. கன்று பிழைப்பது வேறு. குடலின் அசைவைத் தடுத்து நிறுத்தும் மருந்து கொடுத்தால் சாணம் வெளியே வருவது நிற்கும். ஆனால் ஜலம் குடலுக்குள்ளேயே தேங்கி நிற்க, கன்றோ வற்றிக்கொண்டே போகும். மருந்தைச் சோதிப்பவர் முதலில் மனதிற் கொள்ள வேண்டியது இதுவே.

மனிதர் விஷயத்தில் இவ்வுண்மை 1971-ம் வருஷத்தில் நன்கு விளங்கிற்று. வங்காளத்து அகதிகள் தங்கியிருந்த பன்காவ் என்னுமிடத்தில் காலரா பரவி, ஊசிவழி ஏற்றும் உப்புநீர் போதாமற் போனபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் என்பவர் க்ளூகோஸும் உப்பும் கரைத்த ஜலத்தை வாய்வழி கொடுக்கச் செய்தார். அவர் முகாமில் மரணம் நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கிற்று. க்ளூகோஸ் குடலில் உறிஞ்சப்படும்போது உப்பையும் உடன் இழுத்துச் செல்லும். உப்பின் பின்னே ஜலமும் செல்லும். கன்றின் குடலும் இவ்விதமே வேலை செய்கிறது.

தஞ்சாவூரிலிருந்து பரவிய உருண்டை

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி அவர்கள், கால்நடைகளுக்குரிய மரபு வைத்திய முறைகளைத் திரட்டி ஒழுங்குபடுத்தி விவசாயிகளுக்குக் கற்பித்துவந்தார். பின்னர் தேசியப் பால்வள வாரியமும் அம்முறைகளைப் பல மாகாணங்களில் பரப்பிற்று. அவற்றுள் கழிச்சலுக்குரியது வீட்டு அஞ்சறைப்பெட்டியிலிருந்தே செய்யத்தக்கதாகும். சீரகம், வெந்தயம், கசகசா, மிளகு, மஞ்சள், பெருங்காயம் ஆகியவற்றைக் கிராம் கணக்கில் சிறு அளவாக எடுத்து, கருக வறுத்து இடித்து, வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை ஆகியவற்றின் விழுதுடனும், 100 கிராம் அளவான பனைவெல்லத்துடனும் பிசைந்து, சிறு உருண்டைகளாக்கி, கல் உப்பில் தொட்டு, மாட்டின் நாக்கின்மேல் தேய்த்து உட்செலுத்துவது வழக்கம்.

இம்முறையில் யோசனைக்குரியவை பல உண்டு. வெந்தயத்தின் வழவழப்பான பசை குடலில் ஜலத்தைப் பிடித்து வைக்கும். அளவுகள் குறிக்கப்பட்டிருப்பதால் யார் செய்தாலும் ஒரே மருந்தாக அமையும். மருந்தைச் சோதிப்பதற்கு இதுவே முதற் படியாகும். எனினும் உருண்டையில் ஜலம் இல்லை. வெல்லமும் உப்பும் செறிந்த பண்டம் வயிற்றுட் சென்றால், அது கரைவதற்கு ஜலம் வேண்டும். எனவே உருண்டை கொடுத்தபின் மாட்டுக்குத் தாராளமாகத் தண்ணீர் காட்டுதல் மருந்தின் ஒரு பகுதியேயன்றி உபசாரமன்று.

ஆய்வுக்கூடத்தில் சோதிக்கும் விதம்

ஒரு பச்சிலையைச் சோதிக்கப் புகுவோர் முதலில் அச்செடி இன்னதுதான் என்று நிச்சயிக்கிறார்கள். ஒரே பெயரால் ஊருக்கொரு செடி வழங்குவதுண்டு. கடையிற் கிடைக்கும் பட்டைகளில் கலப்பும் உண்டு. ஆதலால் பூவும் இலையும் கூடிய கிளையொன்றை உலர்த்தி, திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியிலுள்ள ராபினா தாவரச் சேகரம் போன்ற இடத்தில் ஒப்பிட்டுப் பார்த்துப் பதிவு செய்வது முறை. பிறகு எந்தப் பாகம், எந்தப் பருவத்தில் பறித்தது, எத்தனை கிராமுக்கு எத்தனை மில்லி ஜலம், எவ்வளவாகச் சுண்டக் காய்ச்சியது என்பன குறிக்கப்படும். ஜலத்தில் காய்ச்சிய கஷாயத்தில் இறங்கும் சத்து ஒன்று. சாராயத்தில் ஊறவைத்த சாற்றில் இறங்கும் சத்து வேறொன்று. சாராயச் சாறு நன்மை செய்ததென்று ஆய்வுக்கூடம் கூறினால், வீட்டுக் கஷாயமும் அவ்வாறே செய்யுமென்று முடிவு கட்டலாகாது.

அடுத்து, கிருமிகளை வளர்த்த தட்டில் சாற்றை இட்டு அவை மடிகின்றனவா என்று பார்ப்பர். பின்னர், உரிய அனுமதி பெற்று, எலிகளுக்கு விளக்கெண்ணெய் கொடுத்துக் கழிச்சலை உண்டாக்கி, சாறு கொடுத்த எலிகளில் அது குறைகிறதா என்று பார்ப்பர். கரித்தூள் கலந்த உணவைக் கொடுத்து, குறித்த நேரத்தில் அது குடலில் எவ்வளவு தூரம் சென்றது என்று அளப்பதும் உண்டு. இவை யாவும் பயனுள்ளவையே. ஆனால் விளக்கெண்ணெயால் வந்த கழிச்சல், கிருமியாலோ புழுவாலோ வந்த கழிச்சலன்று. எலியில் சாணம் நின்றது என்பதினின்று கன்று பிழைக்கும் என்று துணிய இயலாது.

வில்வப்பிஞ்சு கற்பிக்கும் பாடம்

சிவாலயந்தோறும் நிற்கும் வில்வ மரத்தின் பிஞ்சைப் பற்றி மும்பையிலுள்ள ஃபௌண்டேஷன் ஃபார் மெடிகல் ரிசர்ச் என்ற நிறுவனத்தார் செய்து 2009-ம் வருஷத்தில் வெளியிட்ட பரிசோதனை மிகவும் கவனிக்கத்தக்கது. உலர்ந்த பிஞ்சின் கஷாயத்தை ஆறு வகைப் பாக்டீரியாக்களின்மேல் பிரயோகித்தார்கள். அவற்றுள் ஒன்றுகூட மடியவில்லை. தட்டுச் சோதனையோடு நிறுத்தியிருந்தால், வில்வப்பிஞ்சு வீண் என்றே தீர்ப்பாகியிருக்கும்.

அவர்கள் மேலும் சோதித்தார்கள். அக்கஷாயம் பாக்டீரியாவைக் கொல்லாவிடினும், அவை உயிரணுக்களின்மேல் ஒட்டுவதையும் உட்புகுவதையும் குறைத்தது. காலரா விஷமும், கோலிக் கிருமியின் இரண்டு விஷங்களுள் வெப்பத்தால் கெடுவதாகிய ஒன்றும் தமக்குரிய இடத்தில் பற்றுவதைக் குறைத்தது. ரோட்டா வைரஸையும், ஜியார்டியா என்னும் நுண்ணுயிரையும் ஒடுக்கியது. ஆனால் கோலிக் கிருமியின் வெப்பந்தாங்கும் விஷத்தின்மேல் அது யாதொரு பயனும் காட்டவில்லை.

கடைசியாகச் சொன்ன வரிதான் மாடு வளர்ப்போருக்கு முக்கியமானது. ஏனெனில், பிறந்து மூன்று நான்கு நாட்களுக்குள் கன்றுகளுக்குக் கோலிக் கிருமியால் காணும் கழிச்சல் பெரும்பாலும் அவ்வெப்பந்தாங்கும் விஷத்தாலேயே உண்டாகிறது. ஒரு வாரத்துக்கு மேல் மூன்று வாரம் வரையுள்ள கன்றுகளுக்கு ரோட்டா வைரஸ் முதலியவை காரணமாகின்றன. மேற்கண்ட சோதனை மனிதர் நோயைக் கருதிக் கண்ணாடிப் பாத்திரத்தில் செய்யப்பட்டதேயாயினும், முதலில் கூறிய இரு விவசாயிகளின் வழக்கு இங்கே தெளிவாகிறது. ஒருவர் இரண்டு வாரக் கன்றுக்குக் கொடுத்திருப்பார். மற்றவர் மூன்று நாட் கன்றுக்குக் கொடுத்திருப்பார். மருந்து ஒன்றே; வியாதிதான் வேறு.

இதற்கு ஒத்த மற்றோர் உதாரணமும் உண்டு. மரமஞ்சளில் உள்ள பெர்பெரின் என்னும் சத்தை வங்காளதேசத்தில் கழிச்சல் கண்ட மனிதர்களுக்குக் கொடுத்துச் செய்த பரீட்சை 1987-ம் வருஷத்தில் வெளியாயிற்று. கோலிக் கிருமியால் வந்த கழிச்சல் அதனால் நன்கு குறைந்தது. காலராவில் குறைந்தது சொற்பமே. அந்தப் பரீட்சையிலும் மருந்து பெற்றவர், பெறாதவர் ஆகிய இருசாராருக்கும் ஜலமும் உப்பும் குறைவின்றிக் கொடுக்கப்பட்டன.

பசுவுக்கு ஆவது கன்றுக்கு ஆகாது

வெல்லம், சர்க்கரை, அரிசிக் கஞ்சி ஆகியவை மனிதருக்குக் கழிச்சலில் உதவுகின்றன. அதைக் கண்டு பால்குடிக் கன்றுக்கும் வெல்லத் தண்ணீரும் கஞ்சியும் புகட்டுவது இந்நெல் விளையும் நாட்டில் சாதாரணம். இது தவறாகும். பால்குடிக் கன்றின் குடலில் கரும்புச் சர்க்கரையைப் பிரிக்கும் சத்து இல்லை. மாவுப்பொருளைச் செரிக்கும் சக்தியும் மிகவும் குறைவு. செரியாத வெல்லமும் கஞ்சியும் குடலில் தங்கி ஜலத்தை இழுத்துக் கழிச்சலை அதிகப்படுத்தும். வளர்ந்த பசுவுக்கோ அசை வயிறு இருப்பதால், அங்குள்ள நுண்ணுயிர்கள் வெல்லத்தைப் பக்குவப்படுத்திவிடும். ஆகவே வெல்லம் சேர்ந்த உருண்டை பசுவுக்கு ஏற்றதாயிருந்தாலும், அதனையே பால்குடிக் கன்றுக்குக் கொடுப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்பது அவசியம்.

பால்குடிக் கன்றுக்கு வேண்டியது க்ளூகோஸும், உப்பும், புளிப்பை மாற்றும் காரமும் சேர்ந்த உப்புக்கரைசலேயாகும். கன்றுகளுக்குரிய பொட்டலங்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவை கிடைக்காத அவசரத்தில் மனிதருக்குரிய பொட்டலத்தை, அதில் குறித்துள்ள அளவு சுத்தமான ஜலத்தில் கரைத்துக் கொடுக்கலாம். வேளைக்கு ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை, நாளொன்றுக்கு மூன்று நான்கு வேளை, பால் கொடுக்கும் நேரங்களுக்கு இடையில் கொடுத்தல் வேண்டும். தாய்ப்பாலை அடியோடு நிறுத்தக்கூடாது. சப்பிக் குடிக்கமாட்டாத கன்றுக்கு வாயில் ஊற்றினால் நுரையீரலிற் புகுந்து கொல்லும்; அதற்கு இரத்தக்குழாய் வழியே மருத்துவர்தாம் ஏற்றவேண்டும்.

பச்சிலை தொடாத கழிச்சல்கள்

சில கழிச்சல்களில் பச்சிலையை நம்பிக் காத்திருப்பது கால்நடையை இழப்பதற்கே வழியாகும். வாய்க்கால் ஓரப் புல்லில் ஒட்டியிருக்கும் தட்டைப்புழுவின் குஞ்சுகள் நத்தையின் வழியே வருவன. அவை வயிற்றுட் சென்று முன்குடலைக் கடிக்கும்போது துர்நாற்றமுள்ள கழிச்சலும், தாடையின்கீழ் வீக்கமும் காணும். துவர்ப்பு மருந்தால் அப்புழு விழாது. அதற்கென்றுள்ள புழு நீக்க மருந்தே கொடுக்கவேண்டும். மாட்டுப் பொங்கலன்று அன்பினால் மிகுதியாக ஊட்டும் சோறும் பொங்கலும் வயிற்றில் புளித்துக் காணும் கழிச்சலும் அத்தகையதே. அது அமில நோய். ஆடுகளில் சுரம், மூக்குச் சளி, வாய்ப்புண் ஆகியவற்றோடு கழிச்சல் கண்டால் ஆட்டுக்கொல்லி நோயென்று சந்தேகித்து உடனே தெரிவிக்கவேண்டும். அதற்குத் தடுப்பூசியே காப்பு.

முற்காலத்தில் மந்தை மந்தையாக மாடுகளை வாரிச் சென்ற வெக்கை நோயிலும் கழிச்சலே பெரிய அடையாளமாயிருந்தது. அதற்கும் எத்தனையோ பச்சிலைகள் கொடுக்கப்பட்டன. அந்நோயை ஒழித்தது தடுப்பூசியே. 2011-ம் வருஷத்தில் உலகமெங்கும் அந்நோய் ஒழிந்ததென்று அறிவிக்கப்பட்டது.

ஆங்கில மருந்தையே நம்புவோருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. கழிச்சல் என்றவுடன் கிருமிநாசினி ஊசி போடுவதால், அம்மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுகின்றன. பாலிலும் மருந்து தங்குகிறது. மனிதருக்குக் கடைசிப் புகலிடமான கோலிஸ்டின் என்னும் மருந்தைக் கால்நடைகளுக்கு உபயோகிப்பதை இந்திய அரசு 2019-ம் வருஷத்தில் தடை செய்தது இக்காரணம் பற்றியே. பலிக்கும் பச்சிலைகளைப் பலிக்காதவற்றினின்று பிரித்தறிவது இதனால் முன்னிலும் அவசியமாகிறது.

கிராமத்தில் செய்யத்தக்க பரீட்சை

ஒரு விவசாயி பத்துக் கன்றுகளுக்குக் கொய்யாக் கொழுந்துக் கஷாயம் கொடுத்ததாகவும், அவற்றுள் எட்டுப் பிழைத்ததாகவும் வைத்துக்கொள்வோம். கஷாயம் நூற்றுக்கு எண்பது பலிக்கிறதென்று அவர் கூறுவார். ஆனால் உப்புக்கரைசல் மட்டும் கொடுத்த வேறு பத்துக் கன்றுகளிலும் எட்டுப் பிழைத்திருக்குமாயின், கஷாயத்தினால் வந்த நன்மை ஒன்றுமில்லை. அநேகக் கழிச்சல்கள் சில நாட்களில் தாமே நிற்கும் இயல்புடையவை. கடைசியாகக் கொடுத்த மருந்துக்கே புகழ் சேர்கிறது. ஒப்பிட்டுப் பாராமல் உண்மை தெரியாது.

ஆகையால், கால்நடை மருந்தக மருத்துவரின் மேற்பார்வையில், பால் கூட்டுறவுச் சங்கங்களும் கிராம அதிகாரிகளும் சேர்ந்து பின்வரும் முறையில் ஒரு கணக்கு வைத்தல் நலம்.

1. உப்புக்கரைசல் எல்லாக் கன்றுகளுக்கும் தவறாது கொடுக்கப்படவேண்டும். பரீட்சைக்காக ஒரு கன்றுக்கும் அதை மறுக்கலாகாது.

2. எந்தக் கன்றுக்குப் பச்சிலையும் கொடுப்பது, எதற்குக் கொடாதிருப்பது என்பதைத் திருவுளச்சீட்டினால் தீர்மானிக்கவேண்டும். திடமான கன்றுக்குப் பச்சிலையும் மெலிந்த கன்றுக்கு வெறுங்கரைசலும் என்று கண்பார்த்துப் பிரித்தால் கணக்கு பொய்யாகும்.

3. மருந்தின் பாகம், எடை, ஜலத்தின் அளவு, காய்ச்சிய விதம் ஆகியவை எல்லார் வீட்டிலும் ஒன்றாயிருக்கவேண்டும்.

4. பதிவேட்டில் கன்றின் வயது, எடை, சாணத்தின் நிலை, கழுத்துத் தோல் படியும் விதம், எழுந்து பால் குடித்த நாள், ஏழாம் நாள் எடை, பிழைத்ததா மடிந்ததா என்பவற்றைக் குறிக்கவேண்டும். எக்கன்றுக்கு எம்மருந்து என்று அறியாத ஒருவரே பார்த்துக் குறிப்பது உத்தமம்.

5. மடிந்த கன்றையும் கணக்கில் சேர்க்கவேண்டும். பலித்தவற்றை மட்டும் எழுதும் பதிவேடு பதிவேடன்று.

6. ஐந்து கன்றுகளைக் கொண்டு எதையும் தீர்மானிக்கக்கூடாது. பல கிராமத்துப் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்தாலன்றி, மருந்தின் குணத்தையும் தற்செயலையும் பிரிக்க இயலாது.

சாணத்தில் இரத்தம் காணுதல், கடுஞ்சுரம், கன்று எழாமற் படுத்துவிடுதல், ஒரே சமயத்தில் பல கால்நடைகளுக்கு நோய் காணுதல் ஆகிய அடையாளங்களில் எதுவாயினும் கண்டால் பரீட்சையை விட்டு உடனே மருத்துவரை அழைக்கவேண்டும். 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியின் உதவியைப் பெறலாம்.

முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற பச்சிலை அறிவு பெரிய சொத்தேயாகும். சொத்தை அனுபவிப்பவன் அதன் எல்லையை அளந்து வைத்துக்கொள்வது வழக்கம். இன்ன மருந்து, இன்ன வயதில், இன்ன காரணத்தால் வந்த கழிச்சலுக்கு ஆகும், இன்னதற்கு ஆகாது என்று அளந்து வைப்பதே பரிசோதனையாகும். அவ்வளவு முடியும்வரையில், கழிச்சல் கண்ட கன்றுக்கு முதலில் கொடுக்கவேண்டியது உப்புக்கரைசல், பச்சிலை அதன்பின்னரே. வருகிற மழைகாலத்துக்கு முன்பே ஒவ்வொரு தொழுவத்திலும் நான்கு பொட்டலம் உப்பும், ஒவ்வொரு சங்கத்திலும் ஒரு பதிவேடும் இருக்கும்படி விவசாயிகளும் கிராம அதிகாரிகளும் ஏற்பாடு செய்துகொள்வார்களாக.